மத்தியானம் தூங்குறவருக்கு ராத்திரி தூக்கம் உண்டா?

கேள்வி: ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். நான் பேங்க்ல இருந்து ரிட்டயர்டு ஆனவன். போன வாரம் மத்தியானம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போறப்போ ஆத்துப்பாலத்துப் பக்கம் தைப்பூச மண்டபத்துல ஒரு பெரியவர் ஒரே ஒரு கட்டப்பைய தலைக்கு வச்சு அப்படி ஒரு தூக்கம் தூங்குதார். எங்க வீட்ல மூணு பெட்ரூம், ஏசி, ஆனா மாத்திரை போட்டாத்தான் எனக்குத் தூக்கம். ஒண்ணும் இல்லாதவங்கதான் நிம்மதியா இருக்காங்க, அவங்ககிட்ட நாம எளிமைய கத்துக்கணும்னு சொல்லுதேன், சரிதானே? நானே ஒரு மாசம் ஒத்தப் பையோட அப்படி இருந்து பாக்கலாமான்னு யோசனை.
— வாசகர் ஒருத்தர், பாளையங்கோட்டை

பதில்: சரியில்ல அண்ணாச்சி. தூக்க மாத்திரை விஷயத்த டாக்டர்ட்ட பேசுங்க, அதுக்கும் மண்டபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

நீங்க அவரப் பாத்தது மத்தியானம். ஊரே முழிச்சிருக்க நேரத்துல ஒரு மனுசன் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதார்னா ராத்திரி அவருக்குத் தூக்கம் இல்லன்னு அர்த்தம். நானும் அந்த வழியா டீ குடிக்கப் போறவன்தான், அங்கன படுக்கவங்கள்ல ரெண்டு மூணு பேரு பழக்கம், அதுல ஒருத்தர்ட்ட ஏன் பகல்ல படுக்கீங்கன்னு கேட்டதுக்கு "பகல்ல ஆள் நடமாட்டம் இருக்கும்லா அண்ணாச்சி, எவனும் பைய தூக்க மாட்டான்"னு சொன்னார். ராத்திரியானா குடிச்சிட்டு வந்து மிதிக்கவன் ஒருத்தன், செருப்ப தூக்குதவன் ஒருத்தன், இதுபோக கொசு, நாயி, "ஏல எந்திரி"ன்னு லத்தியால தட்டுத போலீஸ்காரர். பைக்கும் கால் பெருவிரலுக்குமா ஒரு சரடு போட்டுக் கட்டிக்கிட்டு, செருப்ப இடுப்புக்கு அடியில சொருகிக்கிட்டுத்தான் படுப்பாரு.

நீங்க தலகாணின்னு நெனச்ச அந்தக் கட்டப்பைக்குள்ள என்ன இருக்கும்னு நெனைக்கீங்க? ரெண்டாவது சாரம் (கைலி), ஒரு துண்டு, எவர்சில்வர் தட்டு, தண்ணி பாட்டில், பாதி சோப்பு, சுகர் மாத்திரை, எல்லாத்துக்கும் அடியில பாலித்தீன் கவர்ல நாலா மடிச்ச ஆதார் ஜெராக்ஸ். மூணாவது சாரத்த அவரு ஆசைய அடக்கி வேண்டாம்னு வைக்கல, இதுக்கு மேல தூக்க முடியாது, அவ்வளவுதான். ஒண்ண துவைச்சு படித்துறையில காயப்போட்டா அது காயுத வரைக்கும் பக்கத்துலயே காவல் இருக்கணும், அன்னைக்கு வேலை போச்சு. ஐப்பசி கார்த்திகைல காயவே காயாது, ஈரத்தோட உடுத்தி உடுத்தி தொடையிடுக்கெல்லாம் புண்ணு. இதுல எந்த எடத்துல எளிமை இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்.

சோத்துக்கு நம்ம ஊர்ல அவ்வளவு பாடு இல்ல. கோயில்ல மத்தியானம் அன்னதானம் இருக்கு, அம்மா உணவகம் ஆரம்பிச்சப்போ வச்ச வெலை இட்லி 1 ரூவா, சாம்பார் சாதம் 5 ரூவா. குளிக்கதுக்கு தாமிரபரணி, வண்ணாரப்பேட்டையோ கொக்கிரகுளமோ எந்தப் படித்துறையிலயும் எவனும் டிக்கெட் கேக்க மாட்டான். ஆனா வயித்தக் கலக்குனா கட்டணக் கழிப்பறைக்கு காசு எடுத்து வைக்கணும், தின்ன இட்லி வெலைய விட அது ஜாஸ்தி. போன் சார்ஜ் போடணுமா, கடையில ஒரு டீ வாங்கணும். சரி கூலி வேலைக்குப் போகலாம்னா பைய எங்கன வைக்கது? தூக்கிட்டே போய் நின்னா கொத்தனார் மேலயும் கீழயும் பாத்துட்டு நாளைக்கு வாங்கம்பாரு. நீங்க அரிசிய மூட்டையா வாங்கிப் போட்டுப் பொங்கித் திங்கலாம், அடுப்பு இல்லாதவரு மூணு வேளையும் சில்லறையா வாங்கித்தான் ஆகணும், அதனால கொஞ்சத்த வச்சு பொழைக்கது செலவில்லாத காரியம்னு மட்டும் நெனைச்சிராதீங்க. பொம்பளைங்க பாடு இன்னும் மோசம், நோயாளிக்குத் துணைக்கு வந்தவங்க மாதிரி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டத்தோட கூட்டமா படுத்துக்கிட்டாத்தான் கொஞ்சம் தைரியம்.

சாமான் இல்லாததக்கூட சமாளிச்சிரலாம், விலாசம் இல்லாதததான் சமாளிக்க முடியாது. முதியோர் பென்சன் 2023-ல 1200 ரூவா ஆக்குனாங்க, நல்ல விஷயம், ஆனா விஏஓ விசாரிக்கதுக்கு ஒரு வீடு வேணும்லா. ஓட்டுக்கு மட்டும் வேற கணக்கு, எலெக்‌ஷன் கமிஷன் விதிப்படி வீடில்லாதவரும் ஃபார்ம் 6 குடுக்கலாம், பூத் ஆபீசர் ராத்திரில வந்து இவரு அங்கனதான் படுக்காரான்னு நேர்ல பாத்து பேர சேக்கணும், தனியா விலாச ஆதாரம் கேக்கக் கூடாது. நல்ல விதிதான், இதே மாதிரி பென்சனுக்கும் ஒரு ஆபீசர் டார்ச்சு அடிச்சுக்கிட்டு ராத்திரில வந்தா என்ன கொறைஞ்சா போயிருவாரு?

இவங்க எளிமையத் தேடி வந்தவங்கன்னு ஒரு நெனப்பு உங்களுக்கு, அது எங்கிருந்து வந்துச்சோ. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்ட்ட கம்பெனிக்காரங்க 99 வருச குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்ல, குத்தகை முடிய 2028 வரைக்கும் இருக்குதப்பவே 2024-ல வேலைய முடிச்சிக்கிட்டாங்க, மூணு நாலு தலைமுறையா லயத்துல (எஸ்டேட் லைன் வீட்ல) இருந்த குடும்பங்களுக்கு வேலையோட சேந்து வீடும் போச்சு, அவங்கள விட கொஞ்சத்துல வாழப் பழகுனவங்க யாரு? பழகி என்ன ஆச்சு? மண்டபத்துல நான் பாக்கவங்க கதை வேற மாதிரி, மகன் பேருக்கு வீட்ட செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துட்டு ரெண்டே வருசத்துல மனஸ்தாபமாகி வெளிய வந்தவங்க. இப்படி யாரையாவது பாத்தீங்கன்னா 2007-ல வந்த பெத்தவங்க, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்த சொல்லுங்க. ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு குடுக்கலாம், வச்சுப் பாத்துக்கிடணும்னு நிபந்தனையோட எழுதிக் குடுத்து பாக்காம விட்டா அந்தப் பத்திரத்த ரத்து பண்ண அதுல வழி இருக்கு. முதியோர் உதவிக்கு போன் நம்பர் 14567.

ஒரு மாசம் இருந்து பாக்கணும்ங்கீங்களே. உங்க மகனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா அரை மணி நேரத்துல கார் வந்து நிக்கும், அந்த தைரியம் மனசுல இருக்க வரைக்கும் நீங்க போறது டூர்தான். அதுபோக மழை பெய்ஞ்சா அந்த மண்டபத்துல நனையாத எடமே கொஞ்சம், அதுல ஒரு ஆள் எடத்த நீங்க பிடிச்சிருவீங்க. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல ஊத்துச்சு, இங்க ஜங்ஷன் பூரா தண்ணி. குறுக்குத்துறை முருகனுக்கு ஆத்துல வெள்ளம்னா தூக்கிட்டுப் போய் வைக்க மேலக்கோயில் இருக்கு, மண்டபத்துல படுத்தவங்களுக்கு அப்படி ஒரு மேலக்கோயில் யாரும் கட்டி வைக்கல.

ஏதாவது செய்யணும்னு தோணுதுல்லா, அத செய்ங்க. கிழிஞ்ச பேண்ட்டு, கல்யாண வீட்டு சட்டை எல்லாம் வேண்டாம், ஐப்பசிக்கு முந்தி சாரமும் கீழ விரிக்க தார்ப்பாயும் வாங்கிக் குடுங்க, சுருட்டி பைக்குள்ள வைக்க மாதிரி சின்னதா. அப்புறம் உங்க வார்டு கவுன்சிலர்ட்ட ஒரு கேள்வி கேளுங்க. நகர்ப்புற வீடற்றோர் திட்டத்துல ஒரு லட்சம் ஜனத்துக்கு ஒரு காப்பகம் இருக்கணும், அதுவும் ராத்திரி மட்டுமில்ல 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு விதி வச்சாங்க, 2011 கணக்குப்படியே நம்ம மாநகராட்சியில நாலே முக்கா லட்சத்துக்கு கிட்ட ஜனம். அப்போ கொறைஞ்சது நாலு, எங்கெங்க இருக்கு, எத்தனை கட்டில், பைய பூட்டி வைக்க பெட்டி உண்டா, பொம்பளைங்களுக்கு தனியா உண்டான்னு எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கிடுங்க. பேங்க்ல இருந்தவரு, ரசீது வாங்காம வர மாட்டீங்க. பதில் வந்தா நமக்கு அனுப்பி வைங்க, அடுத்த இதழ்ல போடுதேன்.