ஊசி எந்தப் புழுவுக்கு?

அன்புள்ள ஐயா,

மகள் பதினொன்றாம் வகுப்பு. விலங்கு வகைப்பாட்டை, துளையுடலியில் தொடங்கி முதுகுநாணி வரை, ராத்திரியெல்லாம் மனப்பாடம். ஒகேனக்கல் முதலை ஊர்வன என்கிறது புத்தகம், பறவைக்குச் சொந்தம் என்கிறது இணையம். எதை எழுதினால் மார்க்? இந்த வகைப்பாட்டால் யாருக்கு என்ன பயன்? இங்கே ஆட்டுக்குக் கடையில் வாங்கி ஐவர்மெக்டின் என்ற புழு ஊசி இரண்டு தரம் போட்டும் தாடை வீக்கம் வடியவில்லை, அந்தக் கவலையே பெரிதாக இருக்கிறது.

அரூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலை ஊர்வனதான், அப்படியே எழுதட்டும். இன்று உயிரோடிருப்பவற்றில் அதற்கு நெருங்கிய உறவு பறவை என்பதும் சரிதான். மார்க் போகாது, விடுங்கள்.

என்ன பயன் என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே பதிலையும் எழுதிவைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயமும் இதுதான்.

தாடைக்கடியில் நீர் கோப்பதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம்: நாலாம் வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு, அல்லது கல்லீரல் தட்டைப்புழு. எதுவானாலும் ரத்தத்தில் புரதம் இறங்கி நீர் கோக்கும், கண்ணிமையும் வெளுக்கும். வெளியே வித்தியாசமே தெரியாது. மகளின் புத்தகத்திலும் இரண்டும் அடுத்தடுத்த வரியில்தான் இருக்கும். ஆனால் உறவில் வெகுதூரம். 1997-இல் மரபணுவை ஒப்பிட்டு உருளைப்புழுவைப் பூச்சி, சிலந்தி, உண்ணியோடு சேர்த்தார்கள்; எல்லாம் தோலுரித்து வளர்பவை. தட்டைப்புழு தோலுரிக்காது, அது நத்தை, மண்புழுப் பக்கம்.

ஐவர்மெக்டின் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் கிடைத்தது. அருமையான மருந்து. உருளைப்புழு, உண்ணி, பேன் எல்லாவற்றின் நரம்பு தசையிலும் உள்ள குளோரைடு நுழையும் வாசலைத் திறந்தே வைத்து முடக்கிவிடும். தட்டைப்புழுவிலும் நாடாப்புழுவிலும் இதற்கு மசியும் வாசல் இல்லை. புழு தட்டைப்புழு என்றால் மூன்றாவது ஊசியும் தண்டம். ஹீமாங்கஸ் என்றாலும் மருந்துக்குப் பழகிப்போயிருக்கலாம், ஆட்டின் எடையைக் குறைத்து மதித்து அளவு பற்றாமலும் போயிருக்கலாம். எந்தப் புழு என்று தெரியாமல் கடைக்காரர் நீட்டியதைக் குத்துவது என்ன வைத்தியம்?

ஆடு எங்கே மேய்கிறது? மேட்டுக்காட்டிலேயே மேய்ந்தால் தட்டைப்புழு வாய்ப்பு குறைவு. வற்றும் ஏரியின் ஓரத்துப் பச்சையை மேய்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. அந்தப் புழு நத்தைக்குள் பெருகி, வெளியே வந்து, புல்லில்தான் ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் புழு என்று சோதிக்க, தரையில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்காதீர்கள். ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து, மூடியுள்ள டப்பாவில், வெயில் படாமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ‘தட்டைப்புழுவுக்கும் பாருங்க’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உருளைப்புழு முட்டை அடர் உப்புநீரில் மேலே மிதக்கும். தட்டைப்புழு முட்டை கனம். சாதா நீரில் கரைத்துத் தெளியவிட்டு அடிவண்டலில்தான் தேட வேண்டும். மேலே மட்டும் பார்த்தால் ‘புழு இல்லை’ என்று சீட்டு வந்துவிடும். இளம் தட்டைப்புழு முட்டையிடாது என்பதால், சீட்டு சுத்தமாக வந்தாலும் மேய்ச்சல் இடத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மகளையும் கூட்டிப்போங்கள், பாவம், ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்கிற பெண். தட்டைப்புழு முட்டையின் ஒரு முனையில் சின்ன மூடி இருக்கும், ஹீமாங்கஸ் முட்டையில் இருக்காது. டாக்டர் விட்டால் நுண்ணோக்கியில் அவளே பார்க்கட்டும். ஆடு சினை என்றால் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கருவைக் கெடுக்கும்.