கண்ணெதிரே லைப்ரரி, 'இல்லை' என்கிறது பில்டு: கேள்வி பதில்

கேள்வி: உபுண்டுவில் ஜீலிப் (தரவைச் சுருக்கும் லைப்ரரி) இருக்கிறது, அதன் .எஸ்ஓ கோப்பையே பார்த்தேன். பில்டுக்கு முன் தேவையானவற்றைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் மட்டும் இல்லை என்கிறது.

பதில்: கோப்பின் பெயரைக் கடைசி வரை படியுங்கள். 'லிப்இசட்.எஸ்ஓ.1' என்றால் அது ஏற்கெனவே கட்டிய நிரல்கள் ஓடுவதற்கு. புதிய நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் தேடுவது எண் ஒட்டாத 'லிப்இசட்.எஸ்ஓ'. லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்பும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் இவை '-டெவ்' என்று முடியும் தனி பேக்கேஜில் வரும், ஃபெடோராவில் '-டெவெல்'.

கேள்வி: பழைய பதிப்பு ஓரிடத்தில் இருக்க, புதியதை வேறிடத்தில் போட்டேன். சீமேக் (பில்டை அமைத்துத் தரும் கருவி) பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில்: தேடியது கிடைக்காவிட்டால் சீமேக் அடுத்த முறை மறுபடி தேடும். கிடைத்துவிட்டால் அந்தப் பாதையைக் கேஷில் எழுதிவைத்து, அப்புறம் தேடவே தேடாது. பில்டு ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டுங்கள், சீமேக் 3.24 பதிப்பு முதல் '--ஃபிரெஷ்' போதும். எங்கெல்லாம் தேடியது என்று தெரிய '--டீபக்-ஃபைண்ட்' கொடுங்கள் (3.17 முதல் உண்டு).

கேள்வி: லிப்பிஎன்ஜியை (பிஎன்ஜி படங்களுக்கான லைப்ரரி) ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே சேரும்படி, நானே கட்டினேன். பாதை, ஹெடர் எல்லாம் சரி. ஆனாலும் கான்ஃபிகர் 'நோ' என்கிறது.

பதில்: திரையில் வரும் 'நோ'வை நம்பாதீர்கள். கான்ஃபிகர் ஒரு குட்டி சி நிரலை எழுதி, கம்பைல் செய்து, லிங்க் செய்து பார்க்கிறது. எந்தக் காரணத்தால் தோற்றாலும் அதற்கு ஒரே பதில்தான். எல்டிஃப்ளாக்ஸில் (லிங்கருக்குத் தரும் ஆப்ஷன்கள்) ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் லைப்ரரி 'இல்லாமல்' போகும்! நிஜக் காரணம் கான்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கிறது. லைப்ரரி பெயரைத் தேடி, அதன் கீழே கம்பைலர் சொன்னதைப் படியுங்கள்.

உங்களுக்கு அங்கே 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்', பக்கத்தில் 'இன்ஃப்ளேட்' (ஜீலிப்பின் ஒரு ஃபங்ஷன்) என்று இருக்கும் என்பது என் ஊகம். அதாவது லிப்பிஎன்ஜி கிடைத்துவிட்டது, அதற்குத் தேவையான ஜீலிப்தான் லிங்க் வரியில் இல்லை. ஸ்டாட்டிக் லைப்ரரி தன் சார்புகளைத் தானே இழுத்து வராது. வரிசையும் முக்கியம்: '-எல்பிஎன்ஜி' (லிப்பிஎன்ஜி) முன்னால், '-எல்இசட்' (ஜீலிப்) பின்னால். மாற்றிப் போட்டால் அதே பிழைதான். இதையெல்லாம் கையால் எழுதுவதைவிட லைப்ரரிக்கு வேண்டிய ஆப்ஷன்களைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் '--ஸ்டாட்டிக்' சேர்த்துக் கேட்பது நல்லது.

கேள்வி: எம்1 மேக்கில் லைப்ரரி கிடைக்கிறது, லிங்க் ஆகவில்லை.

பதில்: இன்டெல் மேக் காலத்து ஹோம்ப்ரூ (மென்பொருள் நிறுவும் கருவி) '/யூஎஸ்ஆர்/லோக்கல்'லில் மிச்சம் இருக்கும், அங்கே கிடைப்பது இன்டெலுக்கான லைப்ரரி. எம்1 போன்ற ஆப்பிள் சிலிக்கானுக்கு '/ஆப்ட்/ஹோம்ப்ரூ'. 'லிப்போ -இன்ஃபோ' கட்டளை லைப்ரரி எந்த ஆர்க்கிடெக்சருக்கு (பிராசசர் வகை) என்று சொல்லும்.

கேள்வி: விண்டோஸில் டிஎல்எல் இருந்தும் விஷுவல் சி++ ஏற்கவில்லை.

பதில்: லிங்க் செய்ய அதற்கு .லிப் கோப்பு வேண்டும். டிஎல்எல் தேவைப்படுவது நிரலை ஓட்டும்போதுதான்.

கேள்வி: ஆர்ம் போர்டுக்கு கிராஸ் கம்பைல் (வேறு பிராசசருக்கான நிரலை என் கணினியில் கட்டுவது) செய்கிறேன். என் கணினியின் லைப்ரரிகளை எடுத்துக்கொள்கிறது.

பதில்: பிகேஜி-கான்ஃபிக் தேடும் இடத்துக்கு பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்திருப்பீர்கள். அது பாதையைக் கூட்டுமே தவிர, வழக்கமான இடங்களை நீக்காது. நீக்குவது பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர், அதை போர்டின் சிஸ்ரூட்டுக்குள் (போர்டுக்கான லைப்ரரி, ஹெடர்கள் இருக்கும் ஃபோல்டர்) திருப்புங்கள். சீமேக்கிலும் டூல்செயின் கோப்பில் (எந்தக் கம்பைலர், எங்கே தேடுவது என்று சொல்வது) லைப்ரரி, ஹெடர் தேடலை 'ஒன்லி' என்றும், புரோகிராம் தேடலை 'நெவர்' என்றும் வையுங்கள். கோட் ஜெனரேட்டர் போன்றவை உங்கள் கணினியில்தானே ஓட வேண்டும்?