ஆப் வாங்கலாமா, அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைக் காட்டினால் முழிக்கிறான். மகளுக்கு மூன்றரை வயது. ஐந்தாறு வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை, போனில் பாட்டு ஓடினால்தான் சாப்பிடுவாள். ஒரு கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆப், மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார். வாங்கலாமா? பெயர் போட வேண்டாம்.

வாசகி, காசிமேடு

அன்புள்ள தங்கைக்கு,

தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளின் தேவையும் வேறு வேறு. ஒரே ஆப் இரண்டுக்கும் பதில் சொல்லாது.

முதலில் பையன். ஒரு தாளில் கொடி, கோடி, கெடு, கேடு என்று நான்கு சொல் எழுதிக் காட்டுங்கள். பக்கத்தில் படம் வேண்டாம். 'கொடி'யைக் 'கெடி' என்று படித்தால் அவன் சிக்கியிருக்கும் இடம் தெரிந்துவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்துதான் ஒரே ஒலி. இது பிடிபட்டுவிட்டால் 247 எழுத்தும் மலை இல்லை. 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் தெரிந்தால் மீதி தானாகக் கூடி வரும்.

பல ஆப்களில் கிளிப் படம் போட்டு அதன் கீழே 'கிளி' என்று எழுதியிருக்கும். பிள்ளை படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான், ஆப்பும் நட்சத்திரம் கொடுத்துவிடும். எழுத்தின் மேல் அவன் கண்ணே போயிருக்காது. பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கு இது இன்னொரு மனப்பாடம், அவ்வளவுதான்.

பிள்ளை வாய்விட்டுப் படிக்க, கேட்டுக்கொண்டே வருகிற வகை மேல். கூகுள் 2019இல் 'போலோ' என்று தொடங்கி, 2020இல் தமிழ் உட்படப் பல மொழிகளில் 'ரீட் அலாங்' என்று விரித்த ஆப் அப்படிப்பட்டதுதான். தடுமாறுகிற சொல்லைத் தொட்டால் படித்துக் காட்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பயம்' என்றுதான் சொல்வான். மெஷின் அதைத் தப்பென்று காட்டினால் அவனைத் திட்டாதீர்கள். அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். உச்சரிப்பு மெல்ல வரட்டும், படிக்கிற ஆசை போய்விடக் கூடாது.

கதைக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது. தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இருக்கும். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் படிக்கலாம், பக்கத்துக் கடையில் பிரிண்ட் போட்டும் கொடுக்கலாம். ராத்திரி பத்து நிமிஷம் நீங்களும் கூட உட்காருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு? நீயா இருந்தா என்னடா பண்ணுவே?" என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலில் ஒரு வரியை நீங்கள் எழுதி, அதை அவனையே படிக்க வையுங்கள். அந்த வரி எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஒப்பிக்க முடியாது.

மகள் விஷயம்தான் எனக்குக் கவலை. மூன்றரை வயதில் ஐந்தாறு வார்த்தை என்றால் "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினாரு" என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. முதலில் காது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். காது சரியாக இருந்தால் அடுத்து பேச்சுப் பயிற்சியாளர். சாப்பாட்டு வேளைப் பாட்டை நிறுத்துங்கள். போன் தானாகப் பேசிக்கொண்டே போகும், அவள் பதிலுக்குக் காத்திருக்காது. பேச்சு வளர்வது அந்தக் காத்திருப்பில்தான். இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

பேச்சு வர நாளாகும் என்று பயிற்சியாளர் சொன்னால், அப்போது ஆப் பற்றிப் பேசலாம். நம் சென்னையிலேயே அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' இருக்கிறது. பிள்ளை படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும் பேசும். ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அதுதான் குரல். படத்தைத் தொட்டுப் பழகினால் வாய்ப்பேச்சு நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி நிற்பதில்லை. ஆனால் எந்த ஆப், எந்தெந்தப் படம் என்பதைப் பயிற்சியாளர் அவளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். வாசலில் வந்து நிற்கிற விற்பனையாள் அல்ல.

இந்த வாரமே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.