மாத்திரையை நிறுத்தியதும் வந்த காய்ச்சல்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. பார்க்கின்சன் நோய்க்கு எட்டு வருடமாக மடோபார் சாப்பிடுகிறார். ஜோகூரில் வைத்தியம் ஏற்பாடு செய்து தந்த ஒருவர், இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் சூரணம் வேலை செய்யும் என்றார். நிறுத்திய மூன்றாம் நாள் கடும் காய்ச்சல். உடம்பு கட்டையாக விறைத்துவிட்டது. டெங்கி என்று நினைத்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஆளோ 'கழிவு வெளியேறும் காய்ச்சல்' என்கிறார். உண்மையா? மறுபடி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, ஈசூன்

பதில்: உண்மை இல்லை. உடம்பை அசைக்க மூளைக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனம் மாத்திரை வழியாகக் கிடைத்துவந்தது. அது சட்டென்று நின்றதால் வந்த ஆபத்து இது. அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கும். மருந்து நின்ற மறுநாளும் வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். காய்ச்சல், வழக்கத்தைவிட மோசமான விறைப்பு, குழப்பமான பேச்சு, வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம். விறைத்த தசை சிதைந்தால் சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் பழுதாகும். டெங்கியில் உடம்பு வலிக்கும், இப்படி விறைக்காது. பாரசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழையுங்கள். நிறுத்திய மருந்தை மூக்குக் குழாய் வழியாகவாவது திரும்பக் கொடுப்பார்கள். சலைன் ஏற்றி உடம்பைக் குளிர்விப்பார்கள்.

இந்தத் தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நோயாளியைக் கொண்டுபோய் விட்டால் இவர்களுக்குக் கமிஷன். சூரணத்தில் பூனைக்காலி விதை இருந்தால் அதிலும் மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாதான் இருக்கிறது, மடோபாரில் இருக்கும் அதே பொருள். எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. இப்படி விற்கும் பொருள்களில் சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டு இருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ரசீது கேளுங்கள், ஆள் காணாமல் போய்விடுவார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன்னால்கூடவா என்று கேட்பீர்கள். நள்ளிரவுக்கு மேல் எதுவும் சாப்பிடாதே என்றால் நம் ஆட்கள் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கலாம். மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குடலில் அறுவை என்றால் விழுங்க முடியாமல் போகலாம். அப்போது தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டை உதவும், அந்த மருந்து டோபமின் போலவே வேலை செய்யும். அதையும் முதல் நாளே பேசி முடிவு செய்யவேண்டும். அன்று காலை பேசினால் பட்டை வந்து சேர்வதற்குள் இரண்டு வேளை தவறிவிடும்.

வார்டில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்றும் இருக்காதீர்கள். காலை ஏழு மணி மாத்திரை மருந்து வண்டி வரும் ஒன்பது மணிக்குத்தான் கிடைக்கும். நோயாளியின் நேரத்துக்குக் கொடுங்கள் என்று நாங்கள் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. மாத்திரைப் பெயரையும் மணியையும் எழுதி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு இரண்டும் கூடாது என்று அதிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். குழப்பத்துக்கும் வாந்திக்கும் அவசரத்தில் கைக்கு வருவது அவைதான். இரண்டுமே டோபமினைத் தடுக்கும்.