தங்க மூட்டா, சாதா மூட்டா? முழங்கால் மாற்றுக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. வலது காலுக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். மூன்று இடத்தில் கேட்டோம். ஓரிடத்தில் ‘கோல்டு நீ’ வைத்தால் முப்பது வருஷம் வரும் என்றார்கள். இன்னோரிடத்தில் ரோபோ வைத்துச் செய்வதுதான் நல்லது என்றார்கள். மூன்றாவது மருத்துவர் சாதாரண கோபால்ட் குரோமிய உலோகக் கலவையில் செய்த மூட்டே போதும் என்கிறார். இடத்துக்கு இடம் செலவில் லட்சக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்தே பழகியவர். எதைத் தேர்ந்தெடுப்பது? – கரூர் மாவட்ட வாசகி

பதில்: உங்கள் மூன்றாவது மருத்துவர் சொன்னதுதான் என் கருத்தும். ஆனால் அதைச் சொல்லி விட்டுவிட்டால் உங்களுக்கு உதவாது. முதல் இரண்டு இடத்தில் கேட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே என்ன வைக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தொடை எலும்பின் கீழ்முனையைச் செதுக்கி அதன்மேல் ஓர் உலோக மூடி பொருத்துவார்கள். கணுக்கால் பக்கம் போகும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு. டாக்டர்கள் இதை ‘பாலி’ என்பார்கள். உலோகம் உலோகத்தோடு உரசுவதில்லை, பிளாஸ்டிக்கோடுதான் உரசுகிறது. வருஷக்கணக்கில் தேய்வதும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான். விளம்பரங்களில் உலோகத்தின் பெயரைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். வழுக்கும் பொருள், உரசாது என்பது கணக்கு. சில வருஷத்திலேயே டெஃப்லான் பொடிப்பொடியாகத் தேய்ந்து, அந்தப் பொடியைச் சுற்றித் திசு வீங்கி, எலும்பை அரித்தது. ஏறக்குறைய முன்னூறு நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். டெஃப்லான் துகளை அவர் தன் தொடையிலேயே செலுத்தி, உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைக்கு உங்கள் அம்மாவுக்கு வைக்கப்போவதும் அதன் வழிவந்ததுதான்.

அதிலும் ஒரு சறுக்கல் நடந்தது. 1990களின் நடுப்பகுதி வரை இந்தப் பிளாஸ்டிக்கைக் காற்றோடு சேர்த்தே பொட்டலம் கட்டி, காமா கதிரால் கிருமி நீக்கினார்கள். கதிர் பட்ட பிளாஸ்டிக் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, அலமாரியில் இருக்கும்போதே நொறுங்கும் தன்மைக்குப் போனது. காற்றை நீக்கிப் பொட்டலம் கட்டுவது, மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து வலுவாக்குவது, வைட்டமின் ஈ கலந்து ஆக்ஸிஜனைத் தடுப்பது எல்லாம் இதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தவை. குறுக்குப் பிணைப்பால் தேய்மானம் குறைவது இடுப்பு மூட்டில் நன்றாக நிரூபணமாகியிருக்கிறது. முழங்காலில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும், ‘எந்த பாலி வைக்கிறீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் பார்வையில், உலோகத்தின் நிறத்தைப் பற்றிக் கேட்பதைவிட அது பயனுள்ள கேள்வி.

இனி அந்தத் தங்கம். அதில் தங்கம் எதுவும் இல்லை. டைட்டானியம் நைட்ரைடு, அல்லது டைட்டானியம் நியோபியம் நைட்ரைடு என்ற பூச்சு இயல்பிலேயே பொன்னிறமாக இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே கோபால்ட் குரோமியம்தான். மேலே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு இந்தப் பூச்சு. பூசியதையும் பூசாததையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியிலோ நடையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆக்ஸிஜனேற்றிய சிர்கோனியம் வேறு வகை. சிர்கோனியம் நியோபியம் கலவையைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பையே செராமிக்காக மாற்றுகிறார்கள். அது மேலே பூசியதல்ல, உலோகத்திலிருந்தே உருவான படலம். பொருளறிவியல் கண்ணோடு பார்த்தால் எனக்கு இது பிடித்த தொழில்நுட்பம். ஆனால் அறுபத்தாறு வயதுக்காரருக்கு இதனால் கூடுதல் ஆயுள் உறுதி என்று சொல்ல என்னால் முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கோபால்ட் குரோமியத்தில் சிறிதளவு நிக்கல் இருக்கும். கவரிங் நகை போட்டால் அம்மாவுக்குத் தோல் அரித்துப் புண்ணாகுமா? கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டை தடிப்பை உண்டாக்குமா? ஆம் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ள பலருக்கு உள்ளே வைத்த மூட்டால் எந்தத் தொல்லையும் வருவதில்லை. இருந்தாலும் அப்படிப்பட்டவருக்குப் பூச்சு போட்டதையோ சிர்கோனியத்தையோ தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

முப்பது வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? சிர்கோனியம் மூட்டு ஒன்றை ஆய்வுக்கூட இயந்திரத்தில் 4.5 கோடி தடவை மடக்கி நீட்டி, அதை முப்பது வருஷ நடைக்குச் சமமாகக் கொண்டார்கள். சோதனை நேர்மையானதுதான். ஆனால் அந்த இயந்திரத்துக்குச் சர்க்கரை இல்லை, கிருமி தொற்றாது, எலும்பு தேயாது, குளியலறையில் வழுக்கி விழாது. மனிதர்களின் கணக்கு வேறு. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மாற்றிய மூட்டுகள் எவ்வளவு காலம் நிற்கின்றன என்று நாடு முழுவதும் கணக்கு வைக்கும் தேசிய மூட்டுப் பதிவேடுகளை வைத்து, முழு முழங்கால் மாற்றுகளில் 100க்கு 82 இருபத்தைந்து வருஷம் தாக்குப்பிடிக்கின்றன என்று மதிப்பிட்டது. இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது என்றால், அவை 1990களிலோ அதற்கு முன்போ வைக்கப்பட்டவை. பெரும்பாலும் சாதாரண கோபால்ட் குரோமியமும் பழைய பாலியும்தான். 2017இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வின்படி, எழுபதைக் கடந்து மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறுபடி அறுவை தேவைப்படுவது 100க்கு 5 பேர் அளவுக்குத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே செய்துகொள்ளும் ஆண்களுக்கு அது 35 வரை போகிறது. அம்மாவின் வயது முதல் கூட்டத்துக்குத்தான் அருகில் இருக்கிறது.

அவருக்காக நான் உண்மையில் கவலைப்படுவது கிருமித் தொற்றைப் பற்றி. மாற்றிய மூட்டைச் சீக்கிரமே கழற்ற வைக்கும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று. எந்த உலோகமானாலும், கிருமி அதன்மேல் கிணற்றுப் படியில் பாசி படிவதுபோல ஒரு படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரையோ ஊசியோ உள்ளே ஊடுருவாது. பிறகு மூட்டையே எடுத்து, சுத்தம் செய்து, வாரக்கணக்கில் காத்திருந்து வேறு வைக்க வேண்டிவரலாம். தங்கப் பூச்சு இதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். நீங்கள் செலவு செய்ய நினைக்கும் அக்கறையை எல்லாம் இங்கே காட்டுங்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு 7.5 முதல் 8க்குள் வந்த பிறகே தேதி குறியுங்கள்; அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. சொத்தைப் பல் இருந்தால் முதலில் பார்த்துவிடுங்கள். சிறுநீரில் எரிச்சல், பித்தவெடிப்பில் புண், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் எதையும் ‘இது சின்ன விஷயம்’ என்று மறைக்க வேண்டாம். மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமென்டில் ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கிறதா என்றும் கேட்கலாம்.

ரோபோவைப் பற்றி: அது தானாக அறுவை செய்வதில்லை. எலும்பின் வடிவத்தை ஸ்கேன் வைத்தோ, அறுவையின்போதே அளந்தோ கணினியில் திட்டம் போட்டு, அந்த எல்லையைத் தாண்டாமல் மருத்துவரின் கையிலுள்ள ரம்பத்தை வழிநடத்துகிறது. வெட்டும் கோணம் துல்லியமாக அமைகிறது என்பது உண்மை. அதனால் பத்து வருஷம் கழித்து நோயாளி இன்னும் நன்றாக நடக்கிறார் என்பது இன்னும் உறுதியாகவில்லை. அளவெடுக்க எலும்பில் கூடுதலாகச் சில கம்பிகளைப் பதிக்க வேண்டியிருப்பதால், அரிதாக அந்த இடத்தில் எலும்பு முறிவதும் உண்டு. நல்ல கைதேர்ந்தவர் ரோபோவும் வைத்திருந்தால் மகிழ்ச்சி. ரோபோவுக்காக மட்டும் கைதேர்ந்த ஒருவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ‘வருஷத்துக்கு எத்தனை முழங்கால் நீங்களே செய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது?’ என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதிது என்பதாலேயே எதையும் வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை டிபியூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அறிமுகமானபோது அதுவும் முன்னேற்றம் என்றுதான் விற்கப்பட்டது. இந்தியாவிலும் பலருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே, சொல்லும் மாடலுக்கு ஏதாவது ஒரு நாட்டின் மூட்டுப் பதிவேட்டில் பத்து வருஷக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தரையில் உட்காருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறுவைக்குப் பிறகு கால் எவ்வளவு மடங்கும் என்பது, பெருமளவு, அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதையும் பிசியோதெரபியையும் பொறுத்தது. கால் அதிகமாக மடங்கும்படி வடிவமைத்த ‘ஹை ஃப்ளெக்ஸ்’ வகையால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை வைத்துவிடுங்கள். சம்மணம் போடலாமா என்பதை அம்மாவின் கால் மடங்குவதைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

விலைக்கு வருவோம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது: கோபால்ட் குரோமியம் முழு மூட்டு ரூ.54,720, ஹை ஃப்ளெக்ஸ் ரூ.56,490, டைட்டானியம் அல்லது சிர்கோனியம் வகை ரூ.76,600, ஜி.எஸ்.டி. தனி. இப்போதைய வரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். மூட்டின் விலையில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வர அங்கே இடமே இல்லை. நீங்கள் சொல்லும் வித்தியாசம் அறை, ரோபோ, ‘பேக்கேஜ்’ என்ற பெயரில்தான் வந்திருக்க வேண்டும். மூட்டின் விலை, நிறுவனம், பேட்ச் எண் எல்லாம் பில்லில் தனியாகக் காட்டப்பட வேண்டும் என்பதும் விதி.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒன்று. மூட்டு வந்த ஒவ்வொரு பெட்டியிலும் மாடலும் அளவும் லாட் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் நகலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வாங்கி, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்துப் பாலி மட்டும் தேய்ந்திருந்தால், உலோகத்தைத் தொடாமல் பாலியை மட்டும் மாற்ற வாய்ப்புண்டு. ஆனால் எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்று தெரிந்தால்தான் அது முடியும்.