துபாயிலிருந்து வந்த பாயிண்ட் ஷூவை எப்படித் தயார் செய்வது? மகளுக்கு 11 வயது, நாகர்கோவில்

கேள்வியின் சுருக்கம்: பிள்ளை ஐந்து வருடமாகப் பரதம் படிக்கிறாள், இரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் பாலே. துபாயில் இருக்கும் சித்தி, "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாகப் பாயிண்ட் ஷூ (பாலேயில் விரல் நுனியில் நிற்கப் போடுவது) வாங்கி அனுப்பியிருக்கிறார். ரிப்பன் தனியாக வந்திருக்கிறது. கதவிடுக்கில் வைத்து மடக்கிப் பழக்கச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்:

ஊசியை இன்னும் எடுக்காதீர்கள். ரிப்பன் தைத்த ஷூவைக் கடை திருப்பி எடுக்காது. இந்த ஜோடி திரும்பிப் போக வேண்டியதாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் நல்ல வழக்கம். பாயிண்ட் ஷூவில் அதே வழக்கம் பெருவிரலைக் காயப்படுத்தும். காரணம் ஷூ செய்யப்பட்டிருக்கும் விதம். விரல்களைச் சுற்றி இருக்கும் கெட்டியான கூட்டை பாக்ஸ் என்கிறோம். சாக்குத்துணி, காகிதம் போன்றவற்றை அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டிக் காயவைத்துச் செய்வது. அதன் தட்டையான நுனி பிளாட்ஃபார்ம். உள்ளங்காலுக்கு அடியில் ஓடும் கெட்டிப்பட்டை ஷாங்க். நுனியில் நிற்கும்போது எடை முழுவதும் விரல் நுனியில் இறங்காமல், பாக்ஸின் பக்கச் சுவர்கள் பாதத்தின் முன்பகுதியை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு எடையில் ஒரு பங்கை வாங்க வேண்டும். பாக்ஸ் தளர்வாக இருந்தால் பாதம் உள்ளே சறுக்கி இறங்கிவிடும். எடை அத்தனையும் பெருவிரல் நகத்தில் வந்து உட்காரும். நகம் கறுக்கும், கழன்றும் போகும். பஞ்சு திணித்து இடத்தை நிரப்பலாம் என்று தோன்றும். பஞ்சு அமுங்கும், சுவர் பிடிக்காது. தரை எங்கே என்பதும் காலுக்குத் தெரியாமல் போகும்.

அளவு சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் சுத்தமான பெட்ஷீட் விரித்து அதன்மேல் மட்டும் நிற்கவிடுங்கள், சாட்டின் அழுக்கானாலும் திருப்ப முடியாது. தட்டையாக நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீண்டு, நுனியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்காலை மடக்கிப் பிளியே செய்தால் பெருவிரல் நுனியில் அழுந்த வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும், எடை போடாமல், நுனியில் வைக்கச் சொல்லிக் குதிங்கால் துணியைக் கிள்ளிப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கிள்ள வந்தால் சரி. பை போலத் தொங்கினால் பெரிது. கிள்ளவே வராமல் விரல்கள் உள்ளே மடங்கினால் சிறிது. பக்கவாட்டில் ஏறும் விங் என்ற பகுதி பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் மூடியிருக்கிறதா, மேல்பகுதியான வாம்ப் விரல்களின் அடி மூட்டுகளை மறைக்கிறதா என்றும் பாருங்கள். வாம்ப் குட்டையாக இருந்தால் பாதம் முன்னால் வழிந்து வெளியே வரும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஷாங்க் உள்ளங்காலின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் திருகி நின்றால், அகலம் தப்பு. இந்த நிலைகளை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று வீடியோ எடுத்து, ஷூ பொருத்தத் தெரிந்த ஆசிரியருக்குக் காட்டுங்கள். நம் மாவட்டத்திலிருந்து ஆன்லைனிலோ வெளிநாட்டு உறவினர் மூலமோ வாங்குபவர்களுக்கு அந்த வீடியோதான் கடைக்காரரின் கண்.

இனி ஷூவை விடப் பெரிய விஷயம், கால். ஷூதான் பிள்ளையைத் தூக்கி நிறுத்துகிறது என்று பலர் நம்புகிறார்கள். 1832இல் பாரிஸ் ஓபராவில் மரீ தாக்லியோனி நுனியில் ஆடியபோது அவர் போட்டிருந்தது மெத்தென்ற சாட்டின் செருப்பு, நுனியிலும் ஓரத்திலும் நூலால் இழையோட்டியது, அவ்வளவுதான். பாக்ஸ், ஷாங்க் எல்லாம் பின்னால் வந்தவை. தூக்கி நிறுத்தியது கணுக்காலும் கெண்டைக்காலும் இடுப்பும் வயிறும். இன்றும் அப்படித்தான்.

12 வயதானால் எலும்பு முற்றிவிடும், பிறகு பயமில்லை என்ற பேச்சும் சரியல்ல. பாத எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் அதற்குப் பிறகும் திறந்தே இருக்கும். 12 என்பது ஒரு கீழ் எல்லை மட்டும். சர்வதேச நடன மருத்துவ அறிவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும், 12க்கு முன்னால் வேண்டாம், வாரம் இரண்டு வகுப்பு போகும் பிள்ளைக்குப் பயிற்சியின் நான்காம் ஆண்டில் தொடங்கலாம், வயிறும் இடுப்பும் பலமில்லை என்றால் பலம் வரும்வரை தள்ளிப்போட வேண்டும் என்றுதான் சொல்கிறது. வாரம் ஒரு நாள், இரண்டு வருடம் என்பது போதாது. உங்கள் பிள்ளைக்கு ஒரு வருடமாவது காத்திருக்கச் சொல்வேன், அதற்குள் வகுப்பை வாரம் இரண்டாக்க முடிந்தால்.

"ஐந்து வருடம் பரதம் இருக்கிறதே" என்பீர்கள். அது வீண்போகாது. தாளம், இடுப்பிலிருந்து காலைத் திருப்பும் பழக்கம், அரைமண்டியில் தொடைக்கு வந்த பலம் எல்லாம் உதவும். ஆனால் தட்டடவில் முழங்கால் மடங்கி, முழுப்பாதம் தரையில் அறைகிறது. பாயிண்டில் முழங்கால் நீண்டு, எடை மேல்நோக்கி இழுபடுகிறது. குதித்துமெட்டு அடவில் முன்பாதத்தில் ஏறுகிறாளே என்றால், அது ஒரு நொடி, அதுவும் மடங்கிய காலோடு. நீண்ட காலில் ஏறி நின்று மெதுவாக இறங்கும் பலம் தனியாக வர வேண்டும்.

வந்துவிட்டதா என்று பார்க்க நல்ல சோதனைகள் உண்டு. முதலாவது, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தை முழுவதும் நீட்டச் சொல்லி, கணுக்காலின் முன்பக்கம் ஒரு பென்சிலைக் கிடத்துங்கள். கீழ்க்கால் எலும்பில் முட்டித் தூக்காமல் காலிலிருந்து பாதம்வரை தட்டையாகக் கிடந்தால் கணுக்கால் போதிய அளவு நீள்கிறது. தூக்கிக்கொண்டு நின்றால், அந்தக் கால் பிளாட்ஃபார்மின் மேல் முழுவதும் ஏறாது. பின்புற ஓரத்திலேயே தொங்கும், முழங்கால் மடங்கி ஈடுகட்டும்.

இரண்டாவது விமானச் சோதனை. ஒற்றைக்காலில் நின்று உடலை முன்னால் சாய்த்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, இடுப்பு கோணாமல் ஐந்து முறை பிளியே செய்து விரல்நுனியால் தரையைத் தொட வேண்டும். ஐந்தில் நான்கு முறையாவது முழங்கால் உள்பக்கம் சரியாமல் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒற்றைக்காலில் 16 குதி. அதில் குறைந்தது எட்டு குதி உடல் நிமிர்ந்து, காற்றில் முழங்காலும் பாதமும் நீண்டு, சத்தமில்லாமல் இறங்கியிருக்க வேண்டும். நான்காவதாக, சாயாமல் ஒரு சுத்தமான ஒற்றைச் சுழற்சி. இவற்றோடு நான் கட்டாயம் கேட்பது ஒற்றைக்காலில், முழங்கால் மடங்காமல், 20 ரெலவே, அதாவது குதிங்காலைத் தூக்கி முன்பாதத்தில் ஏறி இறங்குவது. பதினைந்தாவதில் கணுக்கால் வெளிப்பக்கம் சரிகிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். அந்தச் சரிவுதான் ஷூவுக்குள் சுளுக்காக மாறும்.

எல்லாம் தேறி, அளவும் பொருந்திய ஷூ கையில் இருக்கும் நாளில் தையல் வேலை.

ரிப்பன் ஒரு ஜோடிக்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் வேண்டும், அகலம் 22 மில்லிமீட்டர். நான்காக வெட்டி, பிரியாமல் இருக்க நுனிகளை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு கணம் காட்டுங்கள். எங்கே தைப்பது என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். ஷூவின் பின்பக்கத்தை உள்ளே, ஷாங்கின் மேல் படியும்படி மடக்குங்கள். மடிப்பு பக்கச் சுவரில் விழும் இடத்தில் உள்பக்கம் பென்சிலால் கோடு போடுங்கள். ரிப்பன் நுனியை இரண்டரை சென்டிமீட்டர் மடித்து, அந்தக் கோட்டில், சற்றே முன்னால் சாய்த்து, சதுரமாகத் தையுங்கள். ஊசி உள்துணியை மட்டும் பிடிக்க வேண்டும். வெளிச் சாட்டினைத் துளைத்தால் அசிங்கம் மட்டுமல்ல, கிழியவும் செய்யும். மேல் ஓரக் குழாய்க்குள் ஓடும் சுருக்குக் கயிற்றைத் தைத்துவிடாதீர்கள். தைத்தால் கயிறு இழுபடாது, வாய் தளர்ந்தே கிடக்கும். ரிப்பனை மிகவும் முன்னாலோ மிகவும் பின்னாலோ தைத்தால் ஷூ காலோடு ஒட்டி நிற்காது.

நூலுக்கு டென்டல் ஃப்ளாஸ் நல்லது. இல்லையென்றால் கெட்டியான பருத்தி நூலை இரட்டையாகப் போடுங்கள். கடற்கரைப் பக்கம் வீட்டில் தங்கூசி (தூண்டிலுக்குப் போடும் நைலான் நூல்) இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம், முடிச்சு வழுக்கி அவிழும், துணியையும் அறுக்கும்.

குதிங்காலில் இரண்டு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக். பின் தையலின் இருபக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டு, கணுக்காலைச் சுற்றி வளையமாக வரும்படி தையுங்கள். உள்ளே ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். அதைவிட இறுகினால் குதிநரம்பு உரசி வீங்கும். பிளாட்ஃபார்ம் ஓரத்தைச் சுற்றிக் குரோஷே நூலால் இழையோட்டினால் வழுக்கல் குறையும், சாட்டினும் சீக்கிரம் கிழியாது. லேஸ் பின்னல் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஊறிய ஊர் நாகர்கோவில். வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தால் நம்மைவிடச் சீராக முடித்துத் தருவார்.

கட்டும்போது பிள்ளை காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வைத்திருக்க வேண்டும். நீட்டிய காலில் கட்டினால் பிளியே செய்யும்போது ரிப்பன் அறுக்கும். முடிச்சு உள்பக்கம், கணுக்கால் எலும்புக்கும் குதிநரம்புக்கும் நடுவே உள்ள குழியில் வர வேண்டும். நரம்பின் மேலேயே முடிச்சுப் போடக் கூடாது.

கதவிடுக்கு யோசனையை விட்டுவிடுங்கள். கதவு எங்கே அழுத்துகிறதோ அங்கே ஷாங்க் உடையும். நடுவில் உடைந்தால் வளைவுக்குத் தாங்கல் போய், ஷூ முதல் நாளே செத்துவிடும். சுத்தியலால் அடிப்பது, தண்ணீரில் நனைப்பது, ஷாங்கை அறுப்பது எல்லாம் தினம் ஒரு ஜோடியைத் தேய்க்கும் மேடைக் கலைஞர்கள் தங்கள் காலை அறிந்து செய்பவை. தொடக்கக்காரிக்குக் கை போதும். விங் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்தி விரல்மூட்டு இருக்கும் இடத்தில் சற்று இளக்குங்கள். ஷாங்கைக் குதிங்கால் தொடங்கும் இடத்தில் மட்டும் இரு கையால் மெதுவாக வளையுங்கள். பிறகு பழைய சாக்ஸை ஷூவின் மேல் மாட்டிக்கொண்டு, கம்பளத்தில், எதையாவது பிடித்தபடி 20 முறை டெமி பாயிண்ட் (குதிங்கால் தூக்கி முன்பாதத்தில் நிற்கும் நிலை) வழியாக ஏறி இறங்கட்டும். மிச்ச வேலையைப் பிள்ளையின் உடல் சூடே செய்யும். இடது வலது என்று ஷூவில் வேறுபாடு இராது. எதை எந்தக் காலில் பழக்குகிறீர்களோ, உள்ளே குறித்துவைத்து அதிலேயே போடுங்கள்.

தரை நம் வீடுகளில் பெரிய சிக்கல். டைல்ஸும் கிரானைட்டும் கல், அதிர்ச்சியைத் துளியும் வாங்காது, வழுக்கவும் செய்யும். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினைப் பூசினாலும் டைல்ஸில் பிடிப்பு சீராக வராது. கெட்டியான ஃபோம் விரிப்பின்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் பளபளப்பில்லாத வினைல் என்று ஆறடிக்கு நான்கடி போட்டால் பார் (பிடித்துக்கொள்ளும் கம்பி) பயிற்சிக்குப் போதும். அதிலும் குதிப்பது வேண்டாம்.

முதல் சில மாதம் வகுப்பின் கடைசி 10 முதல் 15 நிமிடம்தான் பாயிண்ட். உடல் சூடேறிய பிறகு, இரு கையும் பாரில், இரு காலும் தரையில்: ரெலவே, எஷப்பே (இரு காலையும் விரித்து நுனியில் ஏறுவது), கால் மாற்றி மாற்றி டெமி பாயிண்டுக்கு உருட்டி இறங்குவது. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். பொத்தென்று இறங்கினால் கெண்டைக்கால் களைத்துவிட்டது, அன்றைக்கு நிறுத்துங்கள். வீட்டில் தனியாக ஏற விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

நகத்தை முந்தைய நாளே குட்டையாக, நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்ட வேண்டாம். விரல்களுக்கு மேல் மாட்டும் மெல்லிய மெத்தையான டோ பேட் ஒன்று போதும். தேங்காயெண்ணெய் தேய்த்த காலோடு ஷூ போடக் கூடாது. கொப்புளம் வருவது இயல்பு. பெருவிரல் மூட்டு வலி, குதிங்காலின் பின்புறம் கிள்ளுவது போன்ற வலி, மரத்துப்போதல் ஆகியவை இயல்பல்ல. ஷூவைக் கழற்றி, காரணம் தெரியும்வரை போடாமல் வையுங்கள்.

கடைசியாக நம் ஊர் ஈரம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் இங்கே பெய்கிறது. பாக்ஸ் பசையால் ஆனது, வியர்வையும் ஈரக்காற்றும் அதை இளக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பைக்குள் வைத்தால் அடுத்த வகுப்புக்குள் பாக்ஸ் நமத்துவிடும். டோ பேடை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, வலைப்பையில் போட்டு மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், பசை நொறுங்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பாக்ஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பக்கச் சுவர் எளிதாக அமுங்கினாலோ, ஷாங்க் எதிர்ப்பே இல்லாமல் வளைந்தாலோ, சாட்டின் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த ஜோடியில் இனி ஏறக் கூடாது.