சோபா பிறகு, முதலில லாம்பு

தங்கச்சி, ஒக்டோபரில ஒஸ்லோ வந்து சேர்ந்ததாகவும், படங்களில பார்க்கிற ஸ்கண்டிநேவிய வீடுகள் மாதிரி வெள்ளைச் சுவரும் மரமும் கம்பளியுமாக உங்கட வாடகை வீட்டையும் ஆக்க வேணுமென்றும் எழுதியிருக்கிறீங்கள். எந்த சோபா, எந்தக் கம்பளம், இந்த வருசம் என்ன நிறம் என்று கேட்கிறீங்கள். நிறமும் சோபாவும் கடைக்காரரே சொல்லுவினம். நான் வெளிச்சத்தைப் பற்றியும் காசைப் பற்றியும் சொல்லுறன்.

டிசம்பர் கடைசியில ஒஸ்லோவில பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. வேலைக்குப் போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. அந்த இருட்டைச் சமாளிக்கத்தான் இந்த ஆக்கள் வீட்டை இப்படி வைச்சிருக்கினம். எங்கட சனமோ முகட்டு நடுவில ஒரு வெள்ளை வெளிச்சத்தைப் பளீரென்று போட்டு விட்டிடுவினம். எத்தினை வீட்டில பார்த்திட்டன்: தோல் செற்றி, கண்ணாடி அலுமாரி நிறைய சாமான், மேல ஆசுப்பத்திரி வெளிச்சம். பிறந்தநாளுக்கு வாற ஆக்கள் பார்க்க வேணுமென்று வாங்கின செற்றியில வீட்டுக்காரர் இருக்கிறதே இல்லை. எனக்கு அது மனதுக்குக் கஷ்டம்.

ஒரு அறைக்கு நாலைஞ்சு சின்ன லாம்பு வையுங்கோ. கதிரைக்குப் பக்கத்தில, யன்னல் கரையில, சாப்பாட்டு மேசைக்கு மேல தாழத் தொங்க. பல்ப் பெட்டியில 2700 கெல்வின் என்று இருக்க வேணும், அது மஞ்சள் சாயல் வெளிச்சம். 4000 என்றால் வெள்ளை, கடையிலயே வைச்சிட்டு வாங்கோ. பல்ப் நேராகக் கண்ணில படக்கூடாது. டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958இல வடிவமைச்ச பிஎச் 5 லாம்பு இன்றைக்கும் விற்கிறதுக்குக் காரணம் அதுதான். மேசையில எந்தப் பக்கம் இருந்து நிமிர்ந்தாலும் லாம்பின்ர தட்டுகள் பல்பை மறைச்சுக்கொண்டு நிற்கும். அந்த விலைக்கு இப்ப போக வேண்டாம். இக்கேயா லாம்பையும் அதே மாதிரித் தாழக் கட்டினால் போதும்.

அடுத்தது காசு. “இப்ப எடு, பிறகு கட்டு” என்று கடையில சொன்னால் கையெழுத்து வைக்காதேங்கோ. முதல் குளிர்காலத்தில வட்டி கட்டத் தொடங்கின குடும்பங்கள் எனக்குத் தெரியும். சோபா பழுதாகியும் கடன் முடியேல்லை. வீட்டு முற்பணத்தையும் கையில குடுக்க வேண்டாம். உங்கட பெயரில தனிக் கணக்கில போட வேணும், ஆறு மாத வாடகைக்கு மேல கேட்கவும் ஏலாது. சட்டம் அப்படி.

தளபாடம் பழசாக வாங்கலாம். ‘பின்’ (finn.no) என்ற விளம்பர இணையத்தளத்தில சும்மா குடுக்கிற சாமானுக்கே தனிப் பகுதி இருக்கு. பழைய சாமான் விற்கிற பிரெடெக்ஸ் கடைகளும் இருக்கு. பிள்ளை இருந்தால் திரிப் திராப் கதிரை தேடுங்கோ. நோர்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஒப்ஸ்விக் 1972இல செய்தது. பிள்ளை வளர வளர இருக்கைப் பலகையை உயர்த்தித் தாழ்த்தலாம். என்ர இரண்டு பிள்ளைகளும் இருந்த கதிரையில இப்ப பேரன் இருக்கிறான். ஆனால் பஞ்சு வைச்ச கதிரையும் மெத்தையும் றோட்டுக் கரையில இருந்து தூக்கி வராதேங்கோ, மூட்டைப்பூச்சி கூடவே வரும். மரச் சாமான் பயமில்லை. எண்ணெய் மட்டும் பூசின வெளிர் ஓக் மேசை வாங்கினால் மேல ஒரு மெழுகுச் சீலை விரியுங்கோ. அந்த மரத்தில மஞ்சள் பட்டால் தேய்ச்சாலும் போகாது.

இன்னொன்று. மிளகாய் தாளிக்கேக்கை கத்துதென்று புகை எச்சரிக்கைக் கருவியில பற்றறியைக் கழட்டி வைக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள இருக்கினம். அதே வீட்டில பின்னேரம் மெழுகுதிரியும் கொளுத்துவினம்! தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ.

நான் 1988இல வந்திறங்கினது நோர்வேயின்ர வடக்கு அந்தத்தில இருக்கிற பின்மார்க்கில, பாரென்ட்ஸ் கடல் கரையில ஒரு மீன் தொழிற்சாலை. அந்தக் காலம் எங்கட சனம் நிறையப் பேர் அங்க கொட் மீன் வெட்டப் போனவை. நவம்பர் கடைசியில போற சூரியன் ஜனவரி பிற்பகுதியிலதான் முகம் காட்டும். தந்த அறையில இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ரியூப் லைற். என்னோட ஒரே மேசையில மீன் வெட்டின வயசான அம்மா ஒருநாள் பின்னேரம் வந்தா. ஒன்றும் கேட்கேல்லை, ரியூப் லைற்றை அணைச்சா, பையில இருந்து ஒரு குட்டி லாம்பை எடுத்து யன்னல் கரையில வைச்சா, கம்பளிப் போர்வையைக் கதிரையில விரிச்சு, பிளாஸ்கில கோப்பி ஊத்தித் தந்தா. அதுக்குப் பிறகு பனிப்புயலுக்குள்ள வேலை முடிஞ்சு வரேக்கை எங்கட யன்னல் தூரத்திலயே தெரியும். இங்கத்தைய ஆக்கள் குளிர்காலத்தில திரைச்சீலையை இழுத்து மூடாததுக்கு இதுவும் ஒரு காரணமென்று எனக்கு அப்பதான் பிடிபட்டது.

விறகடுப்பும் அவதான் பழக்கினவ. ஊரில கீழ இருந்து மூட்டுவம். இங்க தடிச்ச பேர்ச் விறகைக் கீழ அடுக்கி, சிராய்களை மேல வைச்சு, மேல இருந்து பத்த வைக்க வேணும். புகை குறையும். நான் ஒரு நெருப்புக்குச்சியில மூட்டுவன், என்ர நோர்வேஜிய மருமகன் என்னட்டத்தான் பழகினவர்.

சோபா எடுக்கிறதென்றால் ஏப்ரல் வரைக்கும் பொறுங்கோ. அதுக்குள்ள எந்த மூலையில வெயில் விழுகுது, எந்த யன்னலால குளிர் வருகுது, நீங்கள் இரண்டு பேரும் உண்மையில எங்க குந்துறீங்கள் என்றெல்லாம் தெரிஞ்சிடும். அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ. ரசீதை எறியாதேங்கோ, தளபாடத்தில குறை இருந்தால் ஐஞ்சு வருசம் வரை முறையிடலாம்.